லேசான விசை

நகரத்திலிருந்து வெளியேறும் சாலை, செங்கல் கிடங்கையும் பழைய டயர்க் கடைகளையும் தாண்டிய பிறகு கொஞ்ச தூரம் ஆளில்லாமல் போகும். அங்கேதான் பெயின்ட்பால் மைதானம். ஒரு காலத்தில் மரம் அறுக்கும் தொழிற்கூடமாக இருந்த இடம். கூரை போன கொட்டகைகள், கவிழ்த்துப் போட்ட சிமெண்டுக் குழாய்கள், மணல் மூட்டைகள், சக்கரமில்லாத வேன் ஒன்று. விடுமுறை நாட்களில் ஆட்கள் வந்து, முகமூடி மாட்டிக்கொண்டு, இரண்டு கட்சியாகப் பிரிந்து சாயக் குண்டுகளால் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வார்கள். யார் மேல் குண்டு உடைந்து சாயம் ஒட்டுகிறதோ அவர் அவுட். மற்ற நாட்களில் அங்கே காற்றும் நாய்களும்தான்.

அந்த இடத்தை ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பார்த்துக்கொண்டார்கள். மைதானத்தின் பின்பக்கம், முன்பு மேலாளர் உட்கார்ந்திருந்த இரண்டு அறைகளில்தான் குடித்தனம். அவர் நடுவர். நாள் முழுக்க விசிலும் வாயுமாகத் திரிவதால் விசில் என்றே பெயர் விழுந்துவிட்டது. யாராவது துப்பாக்கி என்று சொன்னால் நிறுத்தித் திருத்துவார். "மார்க்கர்னு சொல்லுங்க. துப்பாக்கின்னா ஆளைக் கொல்றது. இது ஆளுக்குச் சாயம் பூசறது." எத்தனை முறை சொன்னதாக இருந்தாலும் அப்போதுதான் தோன்றியது போலச் சொல்வார். விதி என்றால் அவருக்கு விதிதான். சொந்தத் தம்பி ஆட்டத்துக்கு நடுவே முகமூடியைத் தூக்கி வியர்வையைத் துடைத்தான் என்று, அன்று முழுக்க அவனை வேலிக்கு வெளியே உட்கார வைத்தவர்.

அவள் கல்யாணத்துக்கு முன் செல்போன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தவள். இங்கே மார்க்கர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. விளையாட வருகிறவர்கள் அவளை போர்டு அக்கா என்பார்கள். ஆட்டம் முடிந்த மறுநாள் அவளுக்கு இடுப்பொடியும். முகமூடிகளை சோப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். குழல்களுக்குள் உடைந்து காய்ந்திருக்கும் குண்டுத்தோலைத் துணி சுற்றிய கம்பியால் இழுக்க வேண்டும். காற்று கசியும் ரப்பர் வளையங்களை மாற்ற வேண்டும். கைரேகைக்குள் ஏறிய மஞ்சள் சாயம் மறுவாரம் வரை போகாது. "ரொட்டி தின்னா ரொட்டியும் மஞ்சள்" என்று அலுத்துக்கொள்வாள்.

ஆனால் ஜன்னலோரம் இருந்த மேஜையில் உட்கார்ந்து, பேட்டரியில் ஓடும் மார்க்கர்களின் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைச் சரிசெய்யும் வேலை மட்டும் அவளுக்கு அலுக்காது. விசையை அழுத்திப் பிடித்தபடி சுவிட்சைப் போட்டால் ஒரு சின்ன விளக்கு எரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு செட்டிங். விசை எந்த இடத்துக்கு வந்தால் அதை இழுப்பு என்று எண்ண வேண்டும், எவ்வளவு திரும்பிப் போனால் அடுத்த இழுப்புக்குத் தயார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும், உள்ளே ஏற்படும் அதிர்வில் எதையெல்லாம் கண்டுகொள்ளாமல் விட வேண்டும் என்று அந்த விளக்கைப் பார்த்தபடியே அவள் போர்டுக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஒவ்வொருவர் விரலுக்கும் ஒவ்வொரு மாதிரி வைப்பாள். அவசரக்காரனுக்கு ஒரு மாதிரி, பயந்தாங்கொள்ளிக்கு ஒரு மாதிரி.

அவளுடைய அண்ணன் கண்ணாடி வெட்டுகிறவர். மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் கடை. ஜன்னலுக்கு, அலமாரிக்கு, மீன் தொட்டிக்கு என்று அளவு சொன்னால் கோடு கிழித்து, விளிம்பைத் தட்டிப் பிளந்து கொடுப்பார். மைதானத்தில் அவரைக் கண்ணாடி அண்ணன் என்று கூப்பிட்டார்கள். "கண்ணாடி அண்ணன்ங்கறாங்க, மூக்குல கண்ணாடியைக் காணோமே" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால், "கடையில வெச்சிட்டு வந்துட்டேன். ஆறடிக்கு நாலடி" என்பார்.

அவர் விளையாட வர ஆரம்பித்தே ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஆள் சுருங்கிப் போயிருந்தார். சொந்தக்காரர் வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். தங்கை சாப்பிடக் கூப்பிட்டால் "கடையிலயே சாப்பிட்டுட்டேன்மா" என்று வாசலோடு திரும்பிவிடுவார். "உங்க அண்ணனுக்கு என்னவோ மனசுல இருக்கு. கேட்டா எரிஞ்சு விழறாரு" என்று அண்ணி வந்து புலம்பிவிட்டுப் போனாள். அதற்காகத்தான் ஒரு விடுமுறை நாளில் தங்கை அவரை வலுக்கட்டாயமாக மைதானத்துக்கு இழுத்து வந்தாள். முகமூடியும் கையுறையும் மாட்டிவிட்டு, சும்மா ஓரமாக நில்லுங்கள் என்றாள். ஓரமாக நின்றவர் சாயங்காலம் சேறும் சாயமுமாகச் சிரித்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு ஒரு வாரம் தவறவில்லை.

ஊர் அணிக்கு ஒரு கட்டட கான்ட்ராக்டர்தான் தலைவர். அண்ணன் கடைக்குப் பாதி வேலை அவர் மூலமாகத்தான் வரும். அவரே அண்ணனை அணியில் சேர்த்துக்கொண்டார். அண்ணன் வேகமாக ஓடமாட்டார். ஆனால் ஒரு மணல் மூட்டைக்குப் பின்னால் போய்ப் படுத்தால் அசையமாட்டார். எதிராளி தலையை நீட்டும் வரை காத்திருப்பார். குறையென்றால் ஒன்றுதான். விரல் மெதுவாக இழுத்தது.

பக்கத்து நகரத்து அணியோடு ஆட்டம் நடக்கவிருந்த வாரம், அவர் தன் மார்க்கரைத் தூக்கிக்கொண்டு தங்கையின் மேஜைக்கு வந்தார்.

"பாப்பா, விசை கனமா இருக்கு. இன்னும் கொஞ்சம் லேசாக்கிக் குடு."

"போன மாசம்தானே லேசாக்கினேன்."

"பத்தல. நான் இழுக்கறதுக்குள்ள அவன் சுட்டுட்டு டீ குடிக்கப் போயிடறான்."

அவள் சிரித்துக்கொண்டே மார்க்கரை வாங்கினாள். "மூச்சு விட்டாலே சுடற மாதிரி கூடப் பண்ணலாம்ணே. அப்புறம் உங்க மாப்பிள்ளை என் கழுத்தைப் பிடிப்பாரு."

"லேசா இருந்தா விதிப்படி தப்பா?"

"லேசா இருக்கறது தப்பில்ல. ஒரு இழுப்புக்கு ஒரு குண்டுதான் வரணும். ரெண்டு வந்தாத்தான் தப்பு."

"அப்போ தப்பு வராம லேசாப் பண்ணு."

அவள் விளக்கை எரியவிட்டாள். எண்ணும் இடத்தை முன்னால் கொண்டுவந்தாள். திரும்பும் தூரத்தைக் குறைத்தாள். விசையைத் தாங்கியிருந்த காந்தத்தின் திருகைத் தளர்த்தினாள். அண்ணன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்தார். அவர் முணுமுணுத்து நெடுநாள் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அவள் கை தாராளமாகிவிட்டது. சோதித்துப் பார்த்தாள். தொட்டால் ஒன்று, தொட்டால் ஒன்று. பிசகில்லை.

"எடுத்துக்கோங்க. இறகு மாதிரி இருக்கு. பாத்துப் புழங்குங்க."

ஆட்டத்தன்று காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. சூட்டில் குண்டுகள் இளகிவிடுமென்று பெட்டிகளை நிழலில் வைத்து ஈரத்துணி போட்டிருந்தாள். இரண்டு அணியும் வரிசையில் நின்றன. விசில் ஒவ்வொரு மார்க்கராக வாங்கி வேகம் பார்த்து, விசையை இழுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். மைத்துனரின் மார்க்கரை வாங்கியவர் புருவத்தைத் தூக்கினார்.

"ரொம்ப லேசா இருக்கே மச்சான்."

"வயசாகுதுல்ல மாப்பிள்ளை."

விசில் இழுத்துப் பார்த்தார். ஒரு இழுப்பு, ஒரு குண்டு. மறுபடியும் இழுத்தார். ஒன்றுதான். திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஆட்டம் பாதி போயிருக்கும். அண்ணன் வேனுக்குப் பின்னால் மண்டியிட்டிருந்தார். எதிரணியில் ஒருவன் குழாயிலிருந்து எழுந்து ஓடினான். அண்ணனின் மார்க்கரிலிருந்து குண்டுகள் சரம் போல வந்தன. ஓடினவன் முதுகு முழுக்க மஞ்சள். அவன் கையைத் தூக்கி அவுட் என்று காட்டிய பிறகும் அது நிற்கவில்லை. அவன் கீழே உட்கார்ந்து தலையைப் பொத்திக்கொண்டான்.

விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணிக்காரர்கள் கத்திக்கொண்டு வந்தார்கள். அவர் அவர்களை அமர்த்திவிட்டு மார்க்கரைப் பிடுங்கி வானத்தைப் பார்த்து இழுத்தார். ஒன்று. இன்னொரு முறை. ஒன்று.

"எனக்கு ஒழுங்காத்தானே சுடுது. நீங்க சுட்டுக் காட்டுங்க மச்சான்."

"விடுங்க மாப்பிள்ளை. நான் வெளிய போயிடறேன்."

"போறதுக்கு முன்னாடி சுட்டுக் காட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

அண்ணன் வாங்கினார். கூட்டமே சுற்றி நின்றது. கையுறை போட்ட விரல் விசையின் மேல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்த உடனே குண்டுகள் தடதடவென்று போயின. அவர் சட்டென்று விரலை எடுத்துவிட்டார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கீங்க இதுல?" என்றார் விசில்.

தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அந்த செட்டிங்கை நான்தான்..." என்று ஆரம்பித்தாள். அண்ணன் அவளைப் பேசவிடவில்லை.

"பாப்பா சரியாத்தான் வெச்சுக் குடுத்தா. வீட்டுல நான்தான் நோண்டினேன். அழுத்திப் பிடிச்சா மட்டும் கொட்டற மாதிரி பண்ணிட்டேன். ஜெயிக்கணும்னு ஒரு ஆசை."

விசிலின் முகம் கறுத்துப் போயிற்று. சொந்தம் என்பதால் குரலை இன்னும் உயர்த்திச் சொன்னார். "இனிமே இந்த மைதானத்துல உங்களுக்கு இடமில்ல. மார்க்கர் இங்கயே இருக்கட்டும். நீங்க போகலாம்."

கான்ட்ராக்டர் தரையில் துப்பினார். "மானத்தை வாங்கிட்டீங்களே" என்றார். அண்ணன் முகமூடியைக் கழற்றாமலே வாசல் வரை நடந்து போனார். பிறகுதான் கழற்றிக் கம்பியில் மாட்டினார். கையுறையைக் கழற்றவில்லை.

ஆட்கள் போன பிறகு அவள் மேஜைக்குப் போய் அந்த மார்க்கரைத் திறந்தாள். விளக்கின் நிறங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். புருஷன் வந்து பின்னால் நின்றார்.

"எல்லாம் நான் வெச்சபடியே இருக்குங்க. யாரும் தொடவே இல்ல."

"வேற ஏதாவது ஒளிச்சு வெச்சிருப்பாரு."

"யாரு, எங்க அண்ணனா? அவருக்கு டிவியில சேனல் மாத்தத் தெரியாது. அண்ணிதான் மாத்தி விடுவாங்க."

"அப்போ ஏன் ஒத்துக்கிட்டாரு? செய்யாதவன் செஞ்சேன்னு சொல்லுவானா?"

அவள் மார்க்கரை மூடித் திருகை முடுக்கினாள். அவர் தட்டைப் போட்டுக்கொண்டு தானே சோற்றை எடுத்துச் சாப்பிட்டார். பாதியில் எழுந்து கையைக் கழுவினார். "உங்க அண்ணன்னு பாத்திருந்தா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்" என்றார். அவளிடம் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

மறுநாள் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். கடைக்கு மேலேதான் வீடு. மாடிப்படி நெடுக, சாக்கு மடித்து வைத்து அதன்மேல் கண்ணாடிகளைச் சாய்த்திருந்தார்கள். ஏறும்போது தன் முழங்கால்கள் வரிசையாக அவற்றில் ஏறிவருவதைப் பார்த்தபடி போனாள். அண்ணி டீ கொண்டுவந்தாள். தங்கைக்கு நிறைய இருந்தது. அண்ணனுக்கு அரை டம்ளர்தான். அண்ணி கீழே கடையைப் பார்க்கப் போனதும் அவள் கேட்டாள்.

"எதுக்குண்ணே பொய் சொன்னீங்க? நீங்க எதையும் தொடலைன்னு எனக்குத் தெரியும்."

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையை எடுத்து அவள் முன்னால் மேஜை மேல் வைத்தார். "பாரு" என்றார்.

முதலில் ஒன்றுமில்லை. கொஞ்சம் கழித்துக் கட்டைவிரலும் பக்கத்து விரலும் தாமாகவே அசைய ஆரம்பித்தன. திரி திரிப்பது போல, ஒரே சீராக, விடாமல்.

"எப்போலேர்ந்து?"

"ரெண்டு வருஷம் இருக்கும். டாக்டர் ஏதோ பேர் சொன்னாரு. குணமாகறது இல்லையாம். மாத்திரை போட்டுத் தள்ளிக்கிட்டே போகலாமாம்." கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "வேலை செய்யறப்ப அவ்வளவா வராது. கோடு கிழிக்கற நேரத்துல நிக்கும். சும்மா வெச்சாத்தான் இப்படி. அன்னிக்கு விசை மேல விரலைச் சும்மாதான் வெச்சிருந்தேன். அதுவாச் சுட்டுது."

அந்த போர்டு சொன்னபடிதான் செய்திருக்கிறது. விரல் இழுத்தது, எண்ணியது, சுட்டது. அவள் அதை அவ்வளவு கூர்மையாக்கி வைத்திருந்தாள்.

"அப்படின்னா நீங்க ஏமாத்தவே இல்லண்ணே. ஒவ்வொண்ணும் உங்க விரல் இழுத்ததுதான்."

"அதை அத்தனை பேர் நடுவுல சொல்லச் சொல்றியா? என் விரலைப் பாருங்கய்யா, ஆடுதுன்னு?"

"அதுக்கு ஏமாத்துக்காரன்னு பேர் வாங்கிக்குவீங்களா?"

"ஏமாத்துக்காரன்கிட்ட கண்ணாடி வாங்குவாங்க பாப்பா. ரெண்டு வாரம் பேசிட்டு மறந்துடுவாங்க. கை நடுங்கறவன்கிட்ட வாங்க மாட்டாங்க. கான்ட்ராக்டர் பக்கத்துலதானே நின்னாரு."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா. அரை டம்ளரா ஊத்திக் குடுக்கறா. கேக்கறதில்ல. நானும் சொல்லல."

"சரி, உங்க மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிடறேன். மனசுக்குள்ள கிடந்து வேகறாரு."

"சொல்லாதே." முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. பிறகு அவரே சமாதானமானார். "மாப்பிள்ளை நல்லவர். அதான் பயமா இருக்கு. தப்புப் பண்ணிட்டோம்னு தெரிஞ்சா மைதானத்துல விசிலடிச்சு எல்லாரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேப்பாரு. கேக்க மாட்டாரா?"

கேட்பார்தான். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. சொல்லமாட்டேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்குள் அது ஆடிக்கொண்டே இருந்தது.

மழைக்காலம் வந்தது. மைதானம் சேறாகி ஆட்டம் குறைந்தது. ஈரத்தில் குண்டுகள் ஊதிப் போய்க் குழலில் சிக்கின. புருஷன் கொட்டகைக்குத் தகரம் அடித்தார். அங்கிருந்த மார்க்கர்களுக்கெல்லாம் அவள் துரு துடைத்தாள். அவர் எப்போதாவது, வேறெங்கோ பார்த்தபடி கேட்பார்.

"அண்ணன் வீட்டுக்குப் போனியா?"

"போனேன்."

"என்ன சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லல."

இந்த நான்கு வரியையும் பேசும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு நுனி வரை வந்து திரும்பும். சொல்லிவிட்டால் அவர் அண்ணனிடம் ஓடுவார். சொல்லாவிட்டால் அவர் கண்ணில் அண்ணன் ஏமாற்றுக்காரன். எதைச் செய்தாலும் ஒருவருக்கு வஞ்சகம். புருஷன் போகுமிடத்தில் எல்லாம், கேட்காதவர்களிடம்கூட, "என் மைத்துனனையே வெளியேத்தினவன் நான்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். பெருமையாகச் சொல்வது போலத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் முகம் தொங்கிவிடும்.

மழை விட்ட ஒரு காலையில் கான்ட்ராக்டர் மைதானத்துக்கு வந்தார். விளையாட வரவில்லை. விசிலோடு வேலியோரம் நின்று நெடுநேரம் பேசினார். அவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். புருஷன் விசிலை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். கான்ட்ராக்டர் போன பிறகும் அங்கேயே நின்றார். பிறகுதான் மேஜைக்கு வந்தார்.

"புதுக் கட்டடத்துல உங்க அண்ணன் பெரிய கண்ணாடி ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு நின்னிருக்காரு. கை உதறிக் கண்ணாடி விழுந்துடுச்சாம். நல்லவேளை, கீழ ஆள் இல்ல. அவருக்கு முழங்கைகிட்ட தையல் போட்டிருக்காங்க. தையல் போட்ட டாக்டர் கையைப் பாத்ததுமே கேட்டாராம், எத்தனை வருஷமா நடுக்கம்னு."

அவள் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"ஆட்டத்துக்கு மறுநாள்லேர்ந்து."

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டவில்லை. "அப்போ அது அவர் விரல்தான் இழுத்திருக்கு" என்றார் மெல்ல. "ஒரு இழுப்பு, ஒரு குண்டு. அவர் விதியை மீறவே இல்ல."

"இல்ல."

"சுட்டுக் காட்டுங்கன்னு நான் அத்தனை பேர் முன்னாடி..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டார். "வா, போயிட்டு வரலாம்" என்றார்.

கண்ணாடிக் கடை பாதி மூடியிருந்தது. அண்ணன் உள்ளே மேஜையருகில், கட்டுப் போட்ட கையோடு உட்கார்ந்திருந்தார். மேஜையில் விரித்திருந்த கம்பளத்தில் கண்ணாடித் தூள் மின்னிக்கொண்டிருந்தது. மைத்துனரைப் பார்த்ததும் கையை மறைக்கப் போனவர், கட்டு இருப்பதால் அப்படியே விட்டுவிட்டார். இனி மறைத்து என்ன என்பது போல இருந்தது முகம்.

"வாங்க மாப்பிள்ளை. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் மச்சான்." விசில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரத் தோன்றவில்லை. "நான் தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடுங்க."

"நீங்க என்ன பண்ணீங்க. நடுவர்னா அப்படித்தான் இருக்கணும். நான்தானே என் வாயால ஒத்துக்கிட்டேன்."

"அடுத்த ஆட்டத்தன்னிக்கு எல்லாரையும் கூட்டி வெச்சுச் சொல்லிடறேன். நடந்தது இதுதான்னு."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். அவள் தலை குனிந்துகொண்டாள்.

"வேணாம் மாப்பிள்ளை. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இனிமே யாருக்குச் சொல்லி என்ன ஆகப்போகுது."

"அப்போ நீங்க திரும்பி வாங்க. விளையாடுங்க. உங்க தங்கச்சி கனமா, எது வந்தாலும் தாங்கற மாதிரி செட்டிங் வெச்சுத் தருவா. விளையாட முடியலைன்னா என்கூட நில்லுங்க, நடுவரா."

"வெச்சுத் தரேண்ணே" என்றாள் அவள். "ஆயிரம் தடவை ஆடினாலும் சுடாத மாதிரி வெச்சுத் தரேன்."

தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும் வரை அண்ணன் காத்திருந்தார்.

"நான் எதுக்கு அங்க வந்துட்டிருந்தேன் தெரியுமா மாப்பிள்ளை? சுடறதுக்கா? எல்லாருக்கும் முகமூடி, எல்லாருக்கும் கையுறை. ஓடி வந்து படுத்தா எல்லாருக்கும் மூச்சு வாங்கும், எல்லாருக்கும் கை நடுங்கும். அதுல என் கையை யாரும் பாக்க மாட்டாங்க. வாரத்துல அந்த ஒரு நாள் நான் மறந்து இருந்தேன்." நிறுத்திவிட்டு, சிரிக்க முயன்றார். "இப்ப வந்தா எல்லாரும் முதல்ல என் கையைத்தான் பாப்பாங்க. நல்லா விளையாடினா கை தட்டுவாங்க. அது இன்னும் மோசம்."

விசில் பக்கத்தில் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தார். அண்ணி டீ கொண்டுவந்தாள். மூன்று டம்ளரும் அரையாகத்தான் இருந்தன. குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றியும், தகரம் விலை ஏறியதைப் பற்றியும் பேசினார்கள். கிளம்பும்போது அண்ணன் வாசல் வரை வந்து நின்றார்.

"அடிக்கடி வாங்க" என்றார் இருவருக்கும் பொதுவாக. அவர்களை வரச்சொன்னாரே தவிர, தான் வருவதாகச் சொல்லவில்லை.

டயர்க் கடைகளைத் தாண்டி இருவரும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாலை முழுக்கத் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் ஒவ்வொரு பள்ளமாகப் பார்த்து மெதுவாக ஓட்டினார்.

"அன்னிக்கு அவரைத் தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டிருக்கலாம் நான்" என்றார். "வேனுக்குப் பின்னாடிதானே இருந்தாரு. அங்கயே வெச்சுக் கேட்டிருக்கலாம்."

அவள் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நானும் கேட்டிருக்கலாம்" என்றாள். "எதுக்குண்ணே இவ்வளவு லேசா வேணும்னு."